அடிக்கடி வரும் கொடும் வெயிலும் வீட்டுக்குள் இருப்பவர்களும்

"நம்ம ஊர்ல எந்த வருஷம் சார் வெயில் அடிக்கல?" அம்பாசமுத்திரம் பக்கம் வைத்தியம் பார்க்கும் டாக்டர் யாரும் சித்திரை, வைகாசியில் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்க முடியாது. பாளையங்கோட்டைக்கு 40 டிகிரி புதிதில்லைதான். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் அடுத்தடுத்து வரும்போது உடம்பு தேறிக்கொள்ள இடைவெளி கிடைப்பதில்லை. எனக்குக் கவலை அதில்தான்.

நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிந்து சேர்ந்த கரியமில வாயு, பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. சராசரி வெப்பம் கூடியது ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். தாமிரபரணியில் வழக்கமாக ஓடும் தண்ணீரே ஒரு படி உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருவெள்ளத்தில் மட்டும் நனைந்த மேல்படி, இனி சாதாரண மழைக்கே நனையும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2021 அறிக்கையில் கணக்கே போட்டிருக்கிறது. 1850–1900 காலத்தில் 50 ஆண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், ஒரு டிகிரி கூடிய உலகில் அதே 50 ஆண்டில் ஏறக்குறைய 5 முறை வரும். 2 டிகிரி கூடினால் சுமார் 14 முறை. உலக நிலப்பரப்பு முழுவதற்குமான சராசரி இது.

வெயில் என்றதும் வயல், செங்கல் சூளை, நூறு நாள் வேலை என்றுதான் யோசிக்கிறோம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தலைக்கு மேல் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ இருக்கும். தூள் பறக்கும், இலை காய்ந்துவிடும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். எழுந்து போனால் கணக்கு குறையும் என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் தலைவலி, கைகால் குடைச்சல், நீர்க்கடுப்பு. "உடம்பு சூடு" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். இது வருஷக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகத்துக்கே கேடு வரலாம். அக்காமார்களே, மதிய வேலையைக் காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்ற முடியுமா பாருங்கள். நடுநடுவே தட்டை இறக்கி வைத்துவிட்டு, ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்து, கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள்.

ராத்திரியும் முக்கியம். பகலில் வாங்கிய சூட்டைத் தட்டட்டி (மொட்டை மாடித் தளம்) ராத்திரி முழுக்க இறக்குகிறது. அதற்குக் கீழே படுக்கும் பெரியவர்களின் இதயத்துக்கு ஓய்வே இல்லை. தட்டட்டிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது செலவு குறைந்த வழி. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் கேட்டு அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

வெயிலில் இருந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ அதை உயிருக்கே ஆபத்தான வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "வேர்க்குதே, அப்ப ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வேர்வை நிற்காமலேயே வெப்பவாதம் வரும். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்காமல் நிழலுக்குத் தூக்கி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ பதநீரோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. உயிர் பிழைப்பது எவ்வளவு சீக்கிரம் குளிர்விக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. ஆனால் "மயங்கி விழுந்தார், மாரடைப்பு" என்று மட்டும் சொன்னால் வெயில் பதிவில் வராமலே போய்விடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள், அவர் எங்கே, எவ்வளவு நேரம், என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அந்தத் தகவல்தான் முதலில் வேண்டும்.