நாலு பாம்புப் படம் குமரி மாவட்டத்துக்குப் போதாது

விடியுமுன் பால் வெட்டப் போன ரப்பர்த் தோட்டத்தில் கணுக்காலில் கடிபட்ட ஒரு தொழிலாளி, மூன்றாம் நாள், சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோன நிலையில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். முதலில் போன இடத்தில் உறவினர்கள் வற்புறுத்தி விஷமுறிவு மருந்தை ஏற்ற வைத்திருக்கிறார்கள். உடலெங்கும் தடிப்பும் மூச்சுத்திணறலும்தான் கண்ட பலன். உடன் வந்த இளைஞர் கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று, அடித்துக் கொல்லப்பட்ட பாம்பு. மற்றது, இந்தியாவின் நான்கு நச்சுப் பாம்புகள் என்று எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிற வண்ணப் படம். "சுருட்டையாக்கும் சார், ஒத்துப் பாத்தாச்சு" என்றார். அது சுருட்டை விரியன் அன்று. இதே தவறு வெவ்வேறு ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதால், பொறுமை இழந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் உள்ளவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், நம் பக்கத்தில் அணலி என்னும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை. நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மிகுதியான சாவுகளுக்குக் காரணமானவை இவையே. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் பாம்புகள் மழையையும் மண்ணையும் நிழலையும் இரையையும் பார்த்துக் குடியிருப்பவை. நாட்டுக்குப் பொருந்தும் பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அப்படியே பொருந்தாது. அதிலும் நம் மாவட்டம் சிறியதாயினும் ஒரே நிலமன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சுற்றிக் காற்றாலைகளும் முட்செடிகளுமாகக் காய்ந்த நிலம் கிடக்கிறது. மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கத்தில் இரண்டு பருவமழையும் நனைக்கும் மலையடிவாரமும் ரப்பர்த் தோட்டங்களும் இருக்கின்றன. தெற்கிலும் மேற்கிலும் கடல். பேருந்தில் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இத்தூரத்துக்குள் கடிக்கும் பாம்பு மாறிவிடுகிறது, ஆகவே சிகிச்சையும் மாறிவிடுகிறது.

சுருட்டை விரியன் வறண்ட, வெயில்படும், கல்லும் மணலுமான திறந்த நிலத்தை நாடுவது. ஈரச்சருகு மூடிய ரப்பர்த் தோட்டத்தில் சருகோடு சருகாகச் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் வேறொன்று: கேரளத்தில் முழமூக்கன் என்று அழைக்கப்படும் சிறிய குழிவிரியன். உலகிலேயே மேற்குத்தொடர்ச்சி மலைப் பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது அது. சென்னையிலோ மதுரையிலோ அது இல்லை. அங்குள்ளவர்கள் தயாரித்து அனுப்பும் படங்களில் அது இடம்பெறாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இலங்கையில் நச்சுப்பாம்புக் கடிகளில் பெரும்பங்கு இந்த இனத்தினுடையது. இந்தியாவிலோ, இது கடித்து உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்களின் விவரம் 2007இல்தான் கேரளத்திலிருந்து மருத்துவ இதழில் உறுதியான சான்றுகளோடு வெளிவந்தது. அதற்கு முன் இவற்றில் பலவற்றைச் சுருட்டை என்றே எழுதிவைத்தார்கள்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. படத்தில் இல்லாத பாம்பு நஞ்சற்றது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் ஒரு சாரார். மற்றவர்கள், எப்படியாவது நான்கில் ஒன்றோடு அதைப் பொருத்தி, "அணலிக் குட்டி" என்றோ "சுருட்டை" என்றோ முடிவுகட்டி, ஊசி போடு என்று மருத்துவரை நெருக்குபவர்கள். அது குட்டி அன்று. வளர்ந்த முழமூக்கனே பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும். முக்கோணத் தலையும், மேல்நோக்கி எழும்பிய மூக்கு நுனியும், கண்ணுக்கும் நாசிக்கும் இடையே ஒரு சிறு குழியும் அதன் அடையாளங்கள். கண்ணாடி விரியனுக்கோ சுருட்டைக்கோ அந்தக் குழி கிடையாது. கையில் எடுத்துப் பார்த்து அறிய வேண்டிய விஷயம் அல்ல இது. எட்ட நின்று எடுத்த ஒரு நல்ல படம் எங்களுக்குப் போதும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புகளின் நஞ்சைக் குதிரைக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதி, 1978இல் தொடங்கப்பட்டு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும், பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அவர்கள் பிடிப்பவை வடதமிழகத்துப் பாம்புகள். முழமூக்கன் நஞ்சுக்கு இம்மருந்து பயனற்றது. பயனின்மையோடு போனாலும் பரவாயில்லை. குதிரைப் புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். இப்பாம்பு கடித்தவர்களில் பெரும்பாலோருக்கு வீக்கமும் வலியும் கொப்புளமுமே வரும். சிலருக்கு மட்டும் இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். அவர்களைக் காப்பது நாள்தோறும் செய்யும் இரத்தப் பரிசோதனையும், வேண்டுமானால் டயாலிசிசும்.

(விஷவைத்தியர் கல் வைத்து எடுத்ததும் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களுக்கு: தானே ஆறக்கூடிய கடிகள் இந்த மலையடிவாரத்தில் நிறைய உண்டு. அவர் கெட்டிக்காரத்தனத்தின் பெரும்பகுதி அந்தப் பாம்பினுடையது.)

இதைப் படித்துவிட்டு விஷமுறிவு மருந்தே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் கடிகளுக்கு அதைவிட்டால் வேறு மருந்து இல்லை. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. எப்போது போட வேண்டும் என்பதை, சோதனைக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா, கண்ணிமை தொங்குகிறதா என்பவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். அந்த 20 நிமிடம் நாங்கள் சும்மா நிற்பதாக எண்ணிச் சண்டையிட வேண்டாம். ஒரே இனத்தின் நஞ்சு கூட இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்கு இரத்தக் கோளாறோடு கண்ணிமை தொங்குவதும் உண்டு. அதைக் கண்டு, கடித்தது கட்டுவிரியன்தான் என்று வெளியில் இருந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மலைக்காட்டு ராஜநாகத்துக்கும் நம் மருந்து உருவாக்கப்படவில்லை. மேற்குத்தொடர்ச்சி மலை ராஜநாகம் தனி இனம் என்று 2024இல் பிரிக்கப்பட்டிருக்கிறது. அது மனிதரைக் கடிப்பது மிக அரிது, பயந்து சாக வேண்டாம். கடலோரத்தில் எனக்குக் கவலை அதிகம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைகளில் வலையில் சிக்கும் கடல் பாம்பைச் சில தம்பிமார் வெறுங்கையால் எடுத்து வீசுகிறார்கள். அதன் கடி பெரும்பாலும் வலிக்காது. சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தசைவலியும் கருஞ்சிவப்புச் சிறுநீரும் வரும். அதற்கும் நம்மிடம் மருந்து இல்லை, செயற்கைச் சுவாசமும் சிறுநீரகச் சிகிச்சையுமே வழி. கம்போ இடுக்கியோ கொண்டு அகற்றுங்கள், கடிபட்டால் கரைக்குத் திரும்புங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று வலையை இழுத்துக்கொண்டிராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

தோட்டத்தில் வேலை செய்பவர்கள் முழங்கால் அளவு பூட்ஸ் போட வேண்டும். இக்கடிகளில் பல பாதத்திலும் கைவிரலிலும்தான் விழுகின்றன. ரப்பர் இலையுதிரும் தை, மாசி மாதங்களில் சருகுக்குள் வெறுங்கை விடுவது அறிவீனம். தலைவிளக்கு மரத்தின் வெட்டுக்கோட்டையே காட்டும், காலடிக்குத் தனி டார்ச் வேண்டும். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வராது. கடிபட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். பாம்பைத் துரத்திப் பிடித்து வர வேண்டாம். துண்டான தலையும் கடிக்கும். எந்த ஊரில், எந்த நிலத்தில், எத்தனை மணிக்குக் கடித்தது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள், அது எங்களுக்குப் பாதி நோயறிதல். இரத்தம் உறைகிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டாலும், முதல் வாரத்தில் சிறுநீர் குறைந்தாலோ நிறம் மாறினாலோ முகம் வீங்கினாலோ, சீட்டையும் பாம்பின் படத்தையும் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பி வர வேண்டும்.