பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுச் செல்லும் பிள்ளைகள்

தந்தையை இழந்து, கோழிக்கோடு மாவட்டம் முக்கத்தில் உள்ள அநாதை இல்லத்தில் பத்தாண்டுகள் வளர்ந்த முகமது அலி ஷிஹாப், 2011ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் வென்று நாகாலாந்தில் ஆட்சிப் பணி அதிகாரியானார். இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் மன உறுதியைப் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் குழந்தைகள் இல்லங்களில் ஆற்றுப்படுத்துநராகப் பணியாற்றும் எனக்கு, மன உறுதிக்குக் குறைவில்லாத பல பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரியில் சேரும் அந்தச் சில வாரங்களில், ஒரு சான்றிதழும் பொறுப்பேற்க ஒரு பெரியவரும் இல்லாததாலேயே, விரும்பிய படிப்பைக் கைவிடுவதைப் பார்க்கும் நிலை தொடர்கிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பதினெட்டு வயது வரையே ஒருவரைக் குழந்தையாகக் கொள்கிறது. அதே சட்டத்தின் 46ஆம் பிரிவு, இல்லத்திலிருந்து வெளியேறுபவர் சமூகத்தில் நிலைபெற நிதியுதவி அளிக்கலாம் என்கிறது. 21 வயது வரையிலும், தேவை மிகுந்த சூழலில் 23 வயது வரையிலும் பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறிய பின்னும் தொடரும் ஆதரவு, வழங்க விதிகளில் இடமிருக்கிறது. இதற்கான அடிப்படை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே எழுதப்படும் பராமரிப்புத் திட்டம். படிப்பு, உடல்நலம், சேமிப்பு, வெளியேறிய பின் தங்குமிடம் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். பதினேழரை வயதில் அவசரமாக நிரப்பப்படும் படிவத்தால் பயனில்லை. பதினான்கு வயதிலேயே, பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, அவர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் இடம் இருப்பது இல்லங்களில் பணிபுரியும் பலருக்கே தெரிவதில்லை. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு எவருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்டவர்கள் அந்தப் பிரிவில் வருவார்கள். எழுத்தில் எளிதாகத் தோன்றும் இதை மெய்ப்பிப்பது கடினம். நான் பார்த்த ஒரு மாணவனின் கோப்பில் தாயின் இறப்புச் சான்றிதழ் இருந்தது. தந்தை வெளிமாநிலத்தில் கட்டட வேலை செய்த இடத்தில் இறந்துபோனதாகச் சேர்க்கையின்போது பாட்டி சொன்ன ஒரு வரி மட்டுமே இருந்தது. பாட்டியும் பிறகு காலமாகிவிட்டார். தந்தையின் இறப்பைத் தாமதமாகப் பதிவுசெய்து சான்றிதழ் பெற அலைந்துகொண்டிருக்கும்போதே கலந்தாய்வுக்குச் சான்றிதழ்களைப் பதிவேற்றும் கடைசி நாள் கடந்துவிட்டது. ஏழு வயதில் அவன் இல்லத்துக்கு வந்த அன்றே அந்தச் சான்றிதழைத் தேடத் தொடங்கியிருந்தால், பதினோரு ஆண்டுகள் கையில் இருந்திருக்கும்.

இடம் கிடைத்த பிறகும் சிக்கல் ஓய்வதில்லை. கல்விக் கடனுக்கு இணைக் கடன்தாரராகப் பெற்றோரையோ பாதுகாவலரையோ வங்கி கேட்கும். செமஸ்டர் விடுமுறையில் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். “லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போறாங்க, நான் எங்க சார் போறது?” என்று நர்சிங் முதலாண்டு மாணவி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். அவளுக்கு மதிப்பெண் பிரச்சினையே இல்லை. தீபாவளிக்கு நான்கு நாள் தங்க ஓர் இடம் இல்லாததுதான் அவளைப் படிப்பை நிறுத்தும் எண்ணம் வரை கொண்டுபோயிருந்தது. கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே விடுமுறைத் தங்கலுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

என்ன ஆக விரும்புகிறாய் என்று கேட்டால் இல்லப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போலீஸ், டீச்சர், கலெக்டர் என்பார்கள். பிள்ளைகள் அருகில் பார்த்த பெரியவர்கள் இந்த வேலைகளில் இருப்பவர்கள்தான். நில அளவையாளர், ஆய்வக நுட்பநர், கணக்காளர் போன்ற வேலைகளைச் செய்யும் சித்தப்பாவோ அத்தையோ வீட்டுக்கு வந்துபோகும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் படிப்பு என்று வளர்ந்தவர்களுக்கு ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் மாதச் செலவைக் கணக்கிடுவதும் புதிது. இவற்றையும் இல்லத்தில் இருக்கும்போதே பழக்க வேண்டும்.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளைப் பற்றி எனக்குத் தனிக் கவலை உண்டு. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, அவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்து, 18 வயது நிறைந்ததும் வட்டியோடு வழங்கப்படும் என அறிவித்தது. ஒன்றிய அரசின் திட்டத்தில் 18 வயதிலிருந்து மாத உதவித்தொகையும் 23 வயதில் 10 லட்சமும் கிடைக்கும். அன்று எட்டு வயதாக இருந்த குழந்தைக்கு 2031இல்தான் பதினெட்டு நிறையும். அந்தப் பணம் வரும் நேரத்தில் அதுவரை எட்டிப் பார்க்காத உறவுகளும் வரக்கூடும். கடனாகக் கேட்பார்கள், கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். பணம் கைக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே, அதைப் படிப்புக்காக எப்படிப் பிரித்து வைப்பது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098இலும் வழி கேட்கலாம்.

பிறந்த நாளன்று இல்லத்துக்கு மதியச் சாப்பாடு போடுபவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை உங்கள் அலுவலகத்துக்கோ பட்டறைக்கோ ஒருநாள் அழைத்துச் சென்று, நீங்கள் பார்க்கும் வேலையையும் அதற்கு என்ன படிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையும் சொல்லுங்கள், அவர்கள் கல்லூரிக்குப் போனபின் அழைத்தால் எடுப்பதற்கு உங்கள் தொலைபேசி எண்ணை இல்லக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து வையுங்கள்.