பிக்கப் கேபினுக்குள் மழைத்தண்ணீர்: சிலிக்கான் டியூபைக் கீழே வையுங்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் போதும். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் காய்கறி லோடு அடிக்கும் பழைய பிக்கப்கள் வரிசையாகப் பட்டறைக்கு வருகின்றன. கால் வைக்கும் இடத்தில் தண்ணீர், முன்கண்ணாடி ரப்பரைச் சுற்றி விரல் தடிமனுக்குச் சிலிக்கான். இந்தப் பூச்சு வேலையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள் அண்ணாச்சி.

மேலே பூசினால் தண்ணீர் நிற்காது. வேறொரு இடுக்கு வழியாக ரப்பருக்கு அடியில் போய்விடும். போன தண்ணீரைப் பூச்சு வெளியே விடாது. தகடு உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வினிகர் வாடை அடிக்கும் ரகமென்றால் அதன் அமிலமே துருவைக் கிளப்பிவிடும். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது. கடைசியில் ரப்பர் மாற்றுவதோடு போயிருக்க வேண்டியது டிங்கர் வேலையில் வந்து நிற்கும். அதுபோக, கசிவு கண்ணாடியில்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஓரிடத்தில் நுழையும் தண்ணீர் தகட்டோரமாக ஓடி வேறிடத்தில்தான் சொட்டும்.

ஏசி போடும்போது மட்டும் நனைந்தால் ஏசி டிரெயின் குழாயில் அடைப்பு. வழுவழுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட். இரண்டும் இல்லையென்றால் கால்மிதி மேட்டை எடுத்துக் கேபினைக் காயவிட்டு, உள்பக்க ஓரங்களில் முகப்பவுடர் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு வெளியே. வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், அந்த அழுத்தத்தில் நல்ல ரப்பரும் கசியும். கீழிருந்து மேலே, இடத்துக்கு 5 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து ஒன்றும் தெரியாது. பவுடரில் கோடு விழுந்த இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

நம்மூரில் நிறைய வண்டிகளுக்கு வைப்பருக்கு அடியில் காற்று போகும் சல்லடை மூடி, அந்த ஜாலிதான் வினை. புளியமரத்தடியில் நிறுத்துகிறோம். அந்தப் பொடி இலை ஜாலிக்குள் விழுந்து மட்கி, சேறாகி, டிரெயின் துளையை அடைத்துவிடும். தேங்கிய தண்ணீர் காற்று வரும் வழியிலும் வயர் நுழையும் ரப்பர் வழியிலும் டேஷ்போர்டுக்குள் இறங்கும். ஜாலியைக் கழற்றிக் கையால் அள்ளி, ஹோஸ் விட்டு, இரண்டு பக்கமும் கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு; அடித்துளை வழியாக வெளியேற வேண்டும். துளையைக் குச்சியால் குத்திவிடுங்கள். கண்ணாடி ஏற்றும் மெஷின் மாற்றியபோது உள்ளிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். கெட்டியான பாலித்தீனை பியூட்டைல் டேப்பால் (பிசின்போல் ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டி, அடி ஓரத்தைக் கதவுக்குள் செருகுங்கள். கூரையில் கேரியர் போல்ட், மழைக்காடி ஜாயிண்ட், இரண்டையும் பாருங்கள்.

முன்கண்ணாடிதான் என்று உறுதியானால் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். துருவைத் தகடு தெரியத் தேய்த்து, எப்பாக்ஸி பிரைமரும் பெயிண்டும் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் புது ரப்பர் போடுங்கள். ரப்பரில் தகடு உட்காரும் உதட்டுக்குள் நைலான் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளிருந்து ஒருவர் இழுக்க வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த வேண்டும். கிரீஸ், ஆயில் கூடவே கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

ஃப்யூஸ் பாக்ஸ் நனைந்திருந்தால் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஃப்யூஸ் போகிறதென்று பெரிய ஆம்பியர் போடாதீர்கள், வயர் எரியும். மேட்டுக்கு அடியில் தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தகடு அரித்துவிட்டது என்று அர்த்தம்; சீட்டும் சீட்பெல்ட்டும் போல்ட் போட்ட இடங்களை அன்றைக்கே டிங்கரிடம் காட்டுங்கள்.