சித்திரை வெயிலில் கிட்டார் ஏன் வெடிக்கிறது?

மாம்பழ சீசன் வந்தால் என் கடைக்கு வெடித்த கிட்டார்களும் வந்துவிடும். கிருஷ்ணகிரியில் கிட்டார் பழுது பார்க்கிறேன். அதற்கு முன் சில வருடங்கள் ஒரு கிட்டார் தொழிற்சாலையில் வேலை. போன ஏப்ரலில் தர்மபுரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். முன்பலகையில், பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கட்டைக்கு, கீழே விரல் நீளத்துக்கு விரிசல். "கீழே போடவே இல்லைங்க அண்ணா, சுவத்துலதான் மாட்டியிருந்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வீட்டுக்கு மேலே தகரக் கூரை. அது போதும்.

முன்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். நல்ல கிட்டாரில் ஒரே கட்டையை இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து, நடுவில் ஒட்டுவார்கள். அப்புறம் இழைத்து இழைத்துச் சுமார் 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். ஆறு ஸ்டீல் கம்பிகளின் இழுப்பு, லைட் செட் என்கிற சாதாரண மெல்லிய கம்பிகளுக்கே, மொத்தம் 70 கிலோவுக்கு மேல். ஓர் ஆளின் எடையை அந்த மெல்லிய பலகை இரவும் பகலும் தாங்குகிறது. பலகையைத் தடிமனாக்கினால் தாங்கும், ஆனால் சத்தம் அமுங்கிவிடும். அதனால்தான் உள்பக்கம் எக்ஸ் வடிவில் மெல்லிய கட்டைகளை ஒட்டுகிறார்கள். 1840களிலேயே அமெரிக்காவில் மார்ட்டின் என்ற கிட்டார் தயாரிப்பாளர் இந்த முறையில் கிட்டார் செய்தார். பக்கப் பலகைகளை நனைத்துச் சூடான அச்சில் அழுத்தி வளைப்பார்கள்.

இவ்வளவும் நடக்கும் அறையில் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒட்டும் அறைக் கதவைத் திறந்து வைத்தால் எங்கள் சூப்பர்வைசரிடம் திட்டு விழும். அந்தத் திட்டின் அருமை கடை போட்ட பிறகுதான் தெரிந்தது. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் சுருங்கும். நம் ஊர் வறண்ட வெயிலில் பலகை சுருங்கப் பார்க்கும், குறுக்கே ஒட்டிய கட்டைகள் விடாது. கடைசியில் பலகை நார் ஓடும் திசையில் பிளந்துகொள்கிறது.

வெடிப்பதற்கு முன்பே கிட்டார் சொல்லிவிடும். நெக்கின், அதாவது இடது கையால் பிடிக்கும் கழுத்தின், ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அதன் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகளின் முனைகள் கீறினால் மரம் காய்ந்து சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே கிட்டாரைப் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை அதற்குள் வைத்து, மரத்தில் ஈரம் படாமல் பெட்டிக்குள் வைத்தால் போதும். ஓசூர் குளிர்ச்சியான ஊர்தான், ஆனால் ஏசி அறையில் மாட்டி வைத்தால் அங்கேயும் இதே கதை.

காரில் விட்டுப் போவது இன்னும் மோசம். பெங்களூர் போகும் வழியில் சாப்பிட இறங்குவோம், கிட்டார் பின் சீட்டில் இருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் பசை இளகும் அளவுக்குச் சூடு ஏறும். கம்பிகளோ விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பிரிட்ஜ் மெல்ல எழும்பிவிடும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாதென்றால் பிளைவுட் முன்பலகை உள்ளதையே வாங்குங்கள். சத்தம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் எளிதில் வெடிக்காது. நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மட்டும் போட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுப்பு, அது தாங்காது.

விரிசல் விழுந்துவிட்டால் பயத்தில் உடனே பசை ஊற்ற வேண்டாம். அந்த மாணவர் ஊற்றாமல் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. பத்து நாள் ஈரப்பதத்தோடு மூடி வைத்தேன். மரம் விரிந்து, விரிசலின் இரண்டு ஓரங்களும் தானாகவே நெருங்கி வந்தன. அதன் பிறகுதான் ஒட்டி, உள்ளே இரண்டு சின்ன மரத்துண்டுகளை அணைத்து வைத்தேன். முதல் நாளே பசை உள்ளே போய்க் காய்ந்திருந்தால் அந்த இடைவெளியை என்னால் மூடியிருக்க முடியாது.