ஹாலண்டை வைத்திருந்தவர்தான் கடைசி இடம்

சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு டெட்லைன். இங்கிலாந்து லீக்கின் நிஜ வீரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி எண்ணுகிற விளையாட்டு ஃபேன்டசி பிரீமியர் லீக். நாலு மணி வரைக்கும் எங்கள் குழுவில் பேச்சு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரைக் கேப்டன் ஆக்கி இரட்டைப் புள்ளி வாங்குவது, மைனஸ் நாலு புள்ளி அபராதம் வாங்கிக்கொண்டு இன்னொரு ஆளை மாற்றலாமா, வழக்கமான புலம்பல்கள். அப்புறம் மச்சான் ஒருத்தன் அந்தப் பழைய வீடியோவை மறுபடியும் போட்டான். கால்பந்து வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக மைதானத்தில் சரிந்து விழும் துணுக்குகள், பின்னால் சோக வயலின், கடைசியில் கொரோனா தடுப்பூசிப் படமும் ஒரு கேள்விக்குறியும்.

"போன வாரம் பெஞ்சுல பதினாலு பாயின்ட்ட விட்டவன் இதயத்தைப் பத்திப் பேசுறான் பாரு" என்று ஒருவன் ஆரம்பிக்க, கச்சேரி களை கட்டியது. அதற்கு நடுவில் குழுவிலேயே சின்னப் பையன் ஒருவன் எனக்குத் தனியாக எழுதினான்: "அண்ணே, வீடியோவை விடுங்க. ஆஸ்பத்திரியில சீரியஸா கிடந்தவங்கள்ல பாதிக்கு மேல ஊசி போட்டவங்கன்னு ஒரு கணக்கு வந்துச்சே, அதுவும் பொய்தானா?"

பொய் இல்லை, தம்பி. நிஜமான எண். அதனால்தான் அதைப் பற்றி எழுத ஆசையாக இருக்கிறது.

முதலில் வீடியோவை முடித்துவிடுவோம். அதில் முதலில் வருபவர் கிறிஸ்டியன் எரிக்சன். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், யூரோ கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடுகின்றன. முதல் பாதி முடியப் போகும் நேரத்தில் த்ரோ-இன் பந்தை வாங்க ஓடி வந்தவர் அப்படியே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. சக வீரர்கள் சுற்றி மதில் போல நிற்க, மருத்துவர்கள் மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். ஊசிதான் காரணம் என்று உடனே செய்தி பறந்தது. அவர் அப்போது ஆடிக்கொண்டிருந்த இன்டர் மிலான் கிளப்பின் நிர்வாகி ஜுசெப்பே மரோட்டா, எரிக்சன் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்று இத்தாலியத் தொலைக்காட்சியில் சொன்னார். செய்தி பறந்த வேகத்தில் மறுப்பு பறக்கவில்லை. என்றைக்குப் பறந்திருக்கிறது?

மைதானத்தில் இதயம் நிற்பது கொரோனாவுக்குப் பிறகு வந்த புது விஷயமும் இல்லை. 2003இல் லியோனில் கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோயே, 2004இல் பென்ஃபிகாவின் மிக்லோஷ் ஃபெஹேர், 2007இல் செவில்லாவின் அந்தோனியோ புவேர்தா என மூன்று பேரை ஆடுகளத்தில் விழுந்தபின் இழந்திருக்கிறோம். 2012இல் போல்டன் வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பாவுக்கு 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். வீடியோ தயாரித்தவர் இவர்களைச் சேர்க்கவில்லை.

நம் ஊரிலும் இது நடந்தது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் எல்லார் முன்னாலும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். அந்த வாரம் என் அம்மாவை ஊசிக்கு அழைத்துப் போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அவருக்கே இப்படின்னா…" என்ற வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை, முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அன்று நான் அம்மாவிடம் சொல்லத் தெரியாமல் விட்ட கணக்கு இது. இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 6 பேர் இறக்கிறார்கள். அப்படியானால் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 6,000 பேர், ஒரு நாளைக்குச் சுமார் 16 பேர். பத்து லட்சம் பேரைக் கூப்பிட்டு, ஊசிக்குப் பதில் ஆளுக்கொரு இளநீர் கொடுத்து அனுப்பினாலும் மறுநாள் 16 பேர் இறந்திருப்பார்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் கூப்பிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடும். அந்த ஏப்ரலில் ஊசி போட்டது பெரும்பாலும் அந்த வயதுக்காரர்களுக்குத்தான். இளநீர் குடித்த மறுநாள் போனவரை யாரும் வீடியோவாக்குவதில்லை, அவ்வளவுதான்.

விவேக்கின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு அறிவித்தபோது அக்டோபர் வந்துவிட்டது. ஆறு மாதம்! எனக்குக் கோபம் வதந்தி பரப்பியவர்கள் மேல் பாதி, இந்தத் தாமதத்தின் மேல் பாதி. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை விசாரிக்கிற வேலைக்கு ஆளும் பணமும் கூடுதலாகக் கொடுத்து, முடிவைச் சுடச்சுடத் தமிழிலும் வெளியிட்டிருந்தால் எத்தனையோ அம்மாக்கள் பாதி வாக்கியத்தில் நின்றிருக்க மாட்டார்கள்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். தடுப்பூசி எப்படி உடம்புக்குக் கிருமியை அறிமுகப்படுத்துகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம், அதை விட்டுவிடுகிறேன். என்னைக் கவர்ந்தது பின்னக் கணக்கு. மேலே தொகுதி, கீழே பகுதி. வதந்தி எப்போதும் தொகுதியைக் காட்டி பகுதியை மறைக்கும்.

2022-23 சீசனில் மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்தார். ஃபேன்டசி ஆடிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் ஐந்தில் நாலு பேர் அவரை அணியில் வைத்திருந்தார்கள். எங்கள் லீக்கில் பதினாலு பேரில் பன்னிரண்டு பேர். சீசன் முடிவில் பட்டியலின் அடியில் கிடந்த ஐந்து பேரில் நாலு பேர் ஹாலண்டை வைத்திருந்தவர்கள். கடைசி இடம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடியேன். நானும் ஹாலண்ட் ஆள்தான்.

'தோற்றவர்களில் 80 சதவீதம் பேர் ஹாலண்டை வைத்திருந்தவர்கள். ஆகவே ஹாலண்ட் ராசியில்லாதவர்' என்று யாராவது சொன்னால் குழுவே சிரிக்கும். எல்லாரிடமும் இருக்கிற ஒன்று தோற்றவர்களிடமும் இருக்கத்தான் செய்யும். ஒரு ஊரில் நூற்றுக்கு நூறு பேரும் ஊசி போட்டுவிட்டால், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களில் நூற்றுக்கு நூறு பேரும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். கட்டில் மூன்றே மூன்று நிரம்பியிருந்தாலும் நூறு சதவீதம்தான்.

இப்போது அந்த நிஜ எண். 2021 ஆகஸ்ட் 15. உலகிலேயே வேகமாக ஊசி போட்ட நாடுகளில் ஒன்றான இஸ்ரேலில் கொரோனாவின் டெல்டா வகை அலை. தீவிர நிலையில் இருந்த 515 பேரில் 301 பேர் இரண்டு டோசும் போட்டவர்கள், 214 பேர் போடாதவர்கள். கிட்டத்தட்ட 58 சதவீதம். அங்கே போட்ட ஊசியின் பெயரைச் சொல்லி, 'ஃபைசர் தோற்றுவிட்டது' என்று உலகம் முழுக்கப் பகிர்ந்தார்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் ஜெஃப்ரி மோரிஸ், இஸ்ரேல் அரசு பொதுவில் வைத்திருந்த அதே தரவை எடுத்துப் பொறுமையாகப் பிரித்தார். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஊசி போடாதவர்கள் சுமார் 13 லட்சம். முழுசாகப் போட்டவர்கள் 56 லட்சம். ஒரு டோசோடு நின்றவர்களை விட்டுவிடுவோம். 13 லட்சத்தில் 214 பேர் என்றால் லட்சத்துக்கு 16.4. அந்தப் பக்கம் 56 லட்சத்தில் 301 பேர், லட்சத்துக்கு 5.3. அதாவது ஊசி, தீவிர நோயை 67.5 சதவீதம் குறைக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தாலே வதந்திக்குப் பதில் ஆகியிருக்கும். ஆனால் 67.5 என்பது நம்பியிருந்ததைவிடக் குறைவு. மோரிஸ் அடுத்து 50 வயதில் ஒரு கோடு கிழித்தார்.

ஐம்பதுக்குக் கீழே: போடாதவர்களில் லட்சத்துக்கு 3.9 பேர் தீவிர நிலை, போட்டவர்களில் 0.3. பாதுகாப்பு 92 சதவீதம். ஐம்பதும் அதற்கு மேலும்: போடாதவர்களில் லட்சத்துக்கு 91.9, போட்டவர்களில் 13.6. பாதுகாப்பு 85 சதவீதம்.

இன்னொரு தடவை பாருங்கள். இளையவர்களிடம் 92. மூத்தவர்களிடம் 85. இரண்டையும் சேர்த்தால் 67.5! சேர்த்தது இரண்டுக்கும் நடுவில் அல்லவா நிற்க வேண்டும்? தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கியவனையும் எண்பத்தைந்து வாங்கியவனையும் சேர்த்துச் சராசரி போட்டால் அறுபத்தேழரை வருமா? முதன்முதலில் இதைப் பார்த்த ராத்திரி நான் போன் கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வருகிறது.

இது சிம்ப்சன் முரண். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதம் உடைத்த எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் எழுதிய கட்டுரையால் வந்த பெயர். பாடமாகச் சொன்னால் தூக்கம் வரும், ஸ்டிரைக்கர் கதையாகச் சொல்கிறேன்.

ஒரு பேச்சுக்கு இரண்டு ஸ்டிரைக்கர்கள். இரண்டு பேரும் 40 ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். முதலாமவன் 17 கோல், இரண்டாமவன் 23 கோல். யாரை வாங்குவீர்கள்? இரண்டாமவனைத்தானே? பொறுங்கள். முதலாமவன் சோப்ளாங்கி அணிகளோடு ஆடியது 10 ஆட்டம், அடித்தது 8 கோல். பெரிய அணிகளோடு 30 ஆட்டம், 9 கோல். இரண்டாமவன் சோப்ளாங்கிகளோடு 30 ஆட்டம், 21 கோல். பெரிய அணிகளோடு 10 ஆட்டம், 2 கோல். இப்போது ஆட்டத்துக்கு எத்தனை என்று பாருங்கள். சோப்ளாங்கிகளோடு முதலாமவன் 0.8, மற்றவன் 0.7. பெரிய அணிகளோடு முதலாமவன் 0.3, மற்றவன் 0.2. இரண்டு இடத்திலும் முதலாமவன்தான் கெட்டி. கோச் அவனைக் கஷ்டமான ஆட்டங்களுக்கே அனுப்பியதால் மொத்தக் கணக்கில் பின்தங்கித் தெரிகிறான்.

இஸ்ரேலில் தடுப்பூசிதான் அந்த முதலாமவன். முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துப் போட்டார்கள், அவர்களும் பயந்து போட்டுக்கொண்டார்கள். ஊசி போட்ட 56 லட்சம் பேரில் 38 சதவீதம் பேர் ஐம்பதைத் தொட்டவர்கள். போடாத 13 லட்சத்தில் அப்படிப்பட்டவர்கள் 14 சதவீதம்தான். மீதிப் பேர் இளவட்டம், வைரஸ் வந்தாலும் பெரும்பாலும் எழுந்து நடமாடுகிற வயசு. ஊசியே போடாத நிலையில் ஐம்பதைத் தாண்டியவருக்குத் தீவிர நோய் வரும் வாய்ப்பு இளையவரைப்போல இருபது மடங்குக்கும் மேல் என்று மேலே உள்ள எண்களே சொல்கின்றன. தடுப்பூசியை மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் மாதிரிப் பெரிய அணிகளோடு ஆட அனுப்பிவிட்டு, 'ஏன் கோல் அடிக்கவில்லை' என்று கேட்ட கதை.

இதைப் படித்துவிட்டு ஊசியால் எந்தக் கெடுதலும் கிடையாது என்று யாராவது கிளம்பினால் அதுவும் தப்பு. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளால் இதயத் தசையில் அழற்சி வருவது உண்மை. அரிது, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, அதுவும் இரண்டாம் டோசுக்குப் பிறகு சில நாட்களில். பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதே இளநீர்க் கணக்கால்தான். இந்த வயதில் இத்தனை லட்சம் பையன்களுக்கு ஊசி இல்லாமலே எத்தனை பேருக்கு இது வந்திருக்கும் என்று போட்டார்கள். வந்திருப்பது அதைவிட அதிகம் என்று தெரிந்தது. ஆஸ்ட்ராஜெனகா ஊசியின் அபூர்வமான ரத்த உறைவும் இப்படித்தான் பிடிபட்டது. அதைக் காரணம் காட்டி அந்த ஊசியை முழுசாகக் கைவிட்ட முதல் ஐரோப்பிய நாடு எது தெரியுமா? எரிக்சனின் டென்மார்க். அவர் கோபன்ஹேகனில் விழுவதற்கு இரண்டு மாதம் முன்னால், 2021 ஏப்ரலில். மறைக்கிறார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மச்சானை நான் கிண்டல் செய்யவும் முடியாது. நான் விற்ற மறுவாரம் அந்த வீரன் ஹாட்ரிக் அடிப்பான் என்று பத்து வருஷமாக நம்புகிறவன் நான். விற்றபின் ஒன்றுமே செய்யாமல் போன நாற்பது பேர் என் நினைவில் இல்லை. இளநீர் குடித்தும் உயிரோடு இருக்கிறவர்கள் அவர்கள்.

தம்பிக்கு இவ்வளவையும் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன், ஏழு நிமிடம். அரை மணி கழித்துப் பதில் வந்தது: "அப்ப அடுத்து எந்த டீமோட ஆடுறான்னு ஃபிக்ஸ்சர் பாத்துத்தான் ஆள் வாங்கணும்னு சொல்றீங்க." அதுவும் சரிதான்.

எரிக்சன் நெஞ்சுக்குள் ஒரு சிறிய மின் கருவியைப் பொருத்திக்கொண்டார். இதயம் தடம் மாறினால் அதுவே அதிர்ச்சி கொடுக்கும். கருவியோடு இத்தாலிய லீக்கில் ஆட அனுமதி இல்லை என்பதால் இங்கிலாந்துக்குப் போய், 2022 பிப்ரவரியில் பிரென்ட்ஃபோர்டு சட்டையில் மீண்டும் இறங்கினார். 2024 ஜூன் 16, ஸ்டுட்கார்ட், மறுபடியும் யூரோ, ஸ்லோவேனியாவோடு ஆட்டம், நம் நேரம் இரவு ஒன்பதரை. 17ஆவது நிமிடத்தில் கோல். விழுந்த நாளிலிருந்து 1,100ஆவது நாள். எங்கள் யூரோ ஃபேன்டசி லீக்கில் அவரை நடுக்களத்தில் வைத்திருந்தது ஒரே ஆள், அந்த வீடியோ மச்சான். கேப்டன் ஆக்காமல் விட்டுட்டேனே என்று அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை எங்களைத் தூங்கவிடவில்லை.