விழுந்து அறுந்ததா, அறுந்து விழுந்தாரா?

அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்பேடுகளைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டை இடுவது என் வேலை. ஊர் மார்த்தாண்டம் பக்கம். 'ஸ்பான்டேனியஸ் டெண்டன் ரப்சர்' என்ற தொடர் வாரம் ஒரு முறையாவது என் திரையில் வரும்; தசையை எலும்போடு கட்டும் நாண் வெளியடி இல்லாமலே அறுவதைச் சொல்வது அது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கியது மாமாவின் குதிகாலால்தான்.

மாமா ரப்பர் மரத்தில் பால்வெட்டுபவர், வயது அறுபது தாண்டியவர். மூச்சிரைப்புக்காக நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார். நெஞ்சில் சளி கட்டியதால் இடையில் ஒரு வாரம் லீவோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்தது. ஒரு விடியற்காலை ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பித் திண்ணைப் படி ஒன்றில் இறங்கினார், அவ்வளவுதான். மருத்துவமனைச் சீட்டில் 'கீழே விழுந்ததில் குதிகால் நாண் அறுந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "விழுந்து அறல மக்ளே. டப்புன்னு ஒரு சத்தம், யாரோ பின்னாலருந்து கல்லெறிஞ்ச மாதிரி. அதுக்குப் பொறவுதான் விழுந்தேன்."

குறியீட்டு நூல் கேட்பதும் இதே கேள்வியைத்தான். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பிலிருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் எம்66 என்ற பிரிவு தானாக அறுவதற்கானது. அதன் தலைப்பிலேயே விளக்கம் இருக்கிறது: வலுக்குறைந்துவிட்டதாகக் கருதத்தக்க திசுவின்மேல் இயல்பான விசை பட்டு அறுந்தால் அது இங்கே வரும். நல்ல நிலையில் இருக்கும் திசுவின்மேல் அளவுமீறிய விசை பட்டு அறுந்தால் அது காயம், அந்தந்த உடற்பகுதிக்குரிய எஸ் குறியீடுகளுக்குப் போகும். குதிகால் நாண் காயம் என்றால் எஸ்86.0. இரண்டிலும் நாண் அறுந்துதான் கிடக்கும், ஸ்கேனும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எது முந்தியது, எது பிந்தியது என்பதை மருத்துவர் எழுதினால்தான் உண்டு. நாங்களாக ஊகித்துக் குறியீடு போடக் கூடாது, மருத்துவரைக் கேட்டு எழுத வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். டெண்டன் இலத்தீன் வழி வந்தது. 'இழுத்து நீட்டு' என்ற பொருளுள்ள டெண்டெரே என்ற வினையோடு உறவுடையது. அதற்கு முன் கிரேக்கத்தில் இருந்த டெனோன் என்ற பெயரும் இழுத்து நீட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்ததுதான். ஆக, இழுபட்டு விறைத்து நிற்பது என்பதே பொருள். தமிழில் அப்படி நிற்பது வில்லின் நாண். தசையையும் எலும்பையும் இழுத்துக் கட்டிய நாண் என்பதால் தசைநாண். இவ்வளவு கச்சிதமான கலைச்சொல் அபூர்வமாகத்தான் அமையும்.

ஆனால் செய்தித்தாள் படிப்பவருக்கு 'தசைநார்'தான் பழக்கம். கிரிக்கெட் வீரரின் முழங்காலில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமெண்ட் கிழிந்தாலும் தசைநார், குதிகாலில் டெண்டன் அறுந்தாலும் தசைநார், பிறவியிலேயே தசை நலிந்து வரும் நோயும் தசைநார்ச் சிதைவு. மூன்றும் வேறு வேறு. டெண்டனுக்குத் தசைநாண் என்றே எழுதிப் பழகுவோம்.

எங்கள் ஊரில் இதெல்லாம் 'நரம்பு'. களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குப் போனால் 'ஞரம்பு'. நண்டு அங்கே ஞண்டு ஆவதுபோல நாணும் அங்கே ஞாண். கயிற்றின்மேல் நடக்கும் வித்தையை மலையாளத்தில் 'ஞாணின்மேல் களி' என்பார்கள். தமிழும் அந்த ஞகரத்தை முழுக்க விட்டுவிடவில்லை, குழந்தையின் இடுப்பில் கட்டும் அரைஞாணில் அது இன்னும் இருக்கிறது. நரம்பு என்பதும் தவறாகப் பிறந்த வழக்கு அல்ல. சங்கப் பாடல்களில் யாழில் கட்டிய தந்தியே நரம்பு. இழுத்துக் கட்டியது எதுவோ அதற்கு அந்தப் பெயர் பொருந்தியிருக்கிறது. இன்று மருத்துவத்தில் நரம்பு உணர்வைக் கடத்துவதற்கு உரிய பெயராகிவிட்டதால்தான் குழப்பம். 'நரம்பு அறுந்துபோச்சு' என்று ஒருவர் வந்தால் எது என்று தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஸ்பான்டேனியஸ். இலத்தீனில் ஸ்போன்டே என்றால் 'தன் விருப்பப்படி'. அதை அப்படியே பெயர்த்துத் 'தன்னிச்சையான' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாணுக்கு ஏது இச்சை? பேச்சிலிருக்கும் 'தானாக' போதும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தானாக என்றால் காரணமே இல்லை என்று பொருளாகிவிடக் கூடாது, வெளியிலிருந்து அடி விழவில்லை என்று மட்டுமே பொருள். காரணம் உள்ளே இருக்கும்: முடக்குவாதம், நாட்பட்ட சிறுநீரக நோய், ஸ்டீராய்டு, ஃப்ளூரோகுயினலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் எல்லாம் அந்த வகைதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இவற்றின் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போட வைத்தது. அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று அதிலேயே இருக்கிறது. மாமா இரண்டிலும் வருகிறார். சீட்டில் 'விழுந்ததில்' என்று இருந்தால் அடுத்த முறை நெஞ்சுச் சளிக்கு அதே மாத்திரையை இன்னொருவர் எழுதிக் கொடுப்பார். எனக்கு இதுதான் பயம்.

ரப்சருக்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதும் வீண். எம்66க்குள்ளேயே முழங்கால் பின்குழி நீர்க்கட்டிக்கு ஒரு குறியீடு, மூட்டின் உள்சவ்வுக்கு ஒன்று, நாண்களுக்குப் பல. ஆங்கிலத்தில் எல்லாமே ரப்சர். தமிழில் கட்டி உடையும், சவ்வு கிழியும், நாண் அறும். 'தசைநாண் முறிவு' என்று எழுதினால் எலும்பு நினைவுக்கு வரும், அது வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை 'தசைநாண் தானாக அறுதல்'. கத்தி பட்டால் அறுபட்டது, அடிபட்டால் அடிபட்டு அறுந்தது, இரண்டும் இல்லையென்றால் தானாக அறுந்தது. கூடவே எந்த நாண், வலமா இடமா, என்ன செய்துகொண்டிருந்தபோது, என்னென்ன மருந்து என்பதும் சீட்டில் வேண்டும். மாமாவை மறுபடி அழைத்துப்போய், மாத்திரை அட்டைகளையும் காட்டி, அந்த வரியைத் திருத்தித் தரச் சொல்லி வாங்கினோம். இப்போது அதில் 'படி இறங்கும்போது வலது குதிகால் நாண் தானாக அறுந்து விழுந்தார்' என்று இருக்கிறது.