காவிரியில் நீந்தியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடலில் இறங்கிக் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பிக்க நான் பயிற்சி தருகிறேன். நன்றாக நீந்தத் தெரிந்தவன்தான் அதில் மாட்டிக்கொள்கிறான்; சென்ற வாரப் பயிற்சியிலும் அதுவேதான் நடந்தது. கடல் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகவிருக்கும் திருவையாற்றுப் பையன். குளத்துக்குள் மாதிரி ஹெலிகாப்டர் கூண்டு கவிழ்ந்த மறுநொடியே பெல்ட்டைக் கழற்றிவிட்டான். உடல் மிதந்து மேலே போயிற்று. கூண்டு தலைகீழாக இருக்கும்போது மேலே இருப்பது தரை. தரைத் தகட்டில் முதுகு ஒட்டிக்கொள்ள, இரு கைகளாலும் துழாவினான். ஜன்னல் அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காவலுக்கு நின்ற முக்குளிப்பவர் இழுத்து வெளியே கொண்டுவந்தார். மூச்சு திரும்பியதும் அவன் சொன்னது: "சார், நான் காவிரியில் நீந்தி வளர்ந்தவன்."

மயிலாடுதுறை, கும்பகோணம், நாகப்பட்டினம் என்று எந்த ஊர்ப் பையன் வந்தாலும் இதே பேச்சு. ஆடிப்பெருக்கில் படித்துறையிலிருந்து குதித்தவன், கொள்ளிடத்தை அக்கரை வரை கடந்தவன். நம்புகிறேன். ஆனால் ஆற்றில் குதிக்கும்போது எது மேல், எது கீழ் என்று உங்களுக்குத் தெரியும். குதிக்குமுன் மூச்சை இழுத்துக்கொள்வீர்கள். கவிழ்ந்த ஹெலிகாப்டரில் இந்த இரண்டும் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது மூக்குக்குள் தண்ணீர் ஏறும், கண்ணுக்கு எதுவும் தெரியாது, இடம் வலமாகிவிடும். அந்த நிலையில் உங்களுக்கு இருக்கும் ஒரே அடையாளம் இருக்கை. பெல்ட் உங்களை இருக்கையோடு பிடித்து வைத்திருக்கும்வரை, உங்கள் வலப்பக்கத்துக் கதவு வலப்பக்கத்திலேயே இருக்கும். பெல்ட்டை விட்டால் அந்த அடையாளமும் போயிற்று. பயிற்சியில் முதலில் பெல்ட்டைக் கழற்றுபவர்கள் பெரும்பாலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான். நீந்தத் தெரியாதவன் பயத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்து வெளியே வந்துவிடுகிறான்.

கார் வாய்க்காலில் விழுந்தால் கணக்கு வேறு. அது மிதக்கும் சிறு நேரத்துக்குள் பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். அதைக் கேட்டுவிட்டு வந்து இங்கே செய்யாதீர்கள். ஹெலிகாப்டரின் எஞ்சின், கியர்பாக்ஸ், மேலே சுழலும் இறக்கைகளான ரோட்டர் என்று கனமான பாகங்களெல்லாம் கூரை மேல் இருப்பதால் அது எளிதில் கவிழ்ந்துவிடும். மிதவைப் பைகள் ஒழுங்காக விரிந்தாலும் அலையில் கவிழ வாய்ப்பு உண்டு.

"விமானி பார்த்துக்கொள்வார்" என்பார்கள். எஞ்சின் நின்றால் அவர் உடனே, ரோட்டர் இறக்கைகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் லீவரைக் கீழே இறக்க வேண்டும். ராபின்சன் ஆர்22 போன்ற இலகு ரக ஹெலிகாப்டரில் அதற்குக் கிடைப்பது ஓரிரு நொடிதான். திகைத்து நின்றால் ரோட்டரின் வேகம் விழுந்துவிடும். இறக்கிவிட்டால் கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்றும், கட்டுப்பாட்டோடு இறங்கலாம். தண்ணீர் மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கோடியக்கரைப் பக்கம் கடல் கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும் நாட்களில் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. வேகத்தைக் குறைக்க ஹெலிகாப்டரின் மூக்கைத் தூக்கும் தருணத்தை அனுபவசாலிகளே தவறவிடுவது அங்கேதான். இத்தனையையும் சரியாகச் செய்து அவர் தண்ணீரில் இறக்கிய பிறகு, வெளியே வருவது உங்கள் பொறுப்பு.

2023 மார்ச் 8 அன்று மும்பை அருகே கடற்படையின் இலகு ரக ஹெலிகாப்டர் ஒன்று கடலில் இறங்கியபோது, அதிலிருந்த மூவரும் மீட்கப்பட்டார்கள். 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் நடந்ததையும் பாருங்கள். கதவுகளைத் திறந்துவைத்துப் படம் எடுக்கும் பயணம் அது. பயணி ஒருவரின் பாதுகாப்புக் கயிறு எரிபொருளை நிறுத்தும் லீவரில் சிக்கி எஞ்சின் நின்றது. விமானி ஆற்றில் இறக்கினார். மிதவைகள் இரு பக்கமும் சமமாக நிரம்பாததால் ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. விமானி வெளியே வந்துவிட்டார். முதுகுப்புறம் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்த பயணிகள் ஐவரும் இறந்தார்கள். கதவு திறந்தே இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

தம்பிகளே, மும்பைக்கு அப்பால் கடலிலுள்ள மும்பை ஹை எண்ணெய் வயலுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விமானி எச்சரித்ததும் குனிந்து உடலை இறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை கதவு அல்லது ஜன்னல் விளிம்பில், மறு கை பெல்ட் கொக்கியில். கவிழ்ந்து ஆட்டம் நிற்கும்வரை, ரோட்டர் ஓயும்வரை பொறுங்கள். கதவை நீக்கி, விளிம்பைப் பற்றிக்கொண்டு, அதன்பிறகே பெல்ட். விளிம்பைப் பிடித்த கையை வெளியே வரும்வரை விடக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டை உள்ளே இருக்கும்போது ஊதவே ஊதாதீர்கள். அது உங்களைத் தரையோடு அழுத்திவிடும், வாசலுக்குக் குனியவும் விடாது. எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் ஜாக்கெட்டை ஊதவைக்கும் கயிற்றை இழுத்துவிடுகிறார்.

புறப்படுமுன் விமானி விளக்கம் சொல்லும்போது தயவுசெய்து செல்போனைப் பையில் வையுங்கள். இருக்கையில் அமர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கதவுப் பிடியைக் கையால் தேடிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று தெரியாவிட்டால், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.